தொலமி, ஐங்கோணி, ஆர்ட்ஸ் பிள்ளை

முதலே சொல்லிவிடுறன்: இந்தக் கட்டுரையில் கணக்கு வரும். "நான் ஆர்ட்ஸ், எனக்கு உது சரிவராது" எண்டு மூடிவிட வேண்டாம். எழுதுறதும் ஆர்ட்ஸ் பிள்ளைதான். தேவையானது ஒரு பேனை, ஒரு கொப்பித்தாள், சாதாரண தரத்தில் படித்த பின்னக் கணக்கு. அவ்வளவுதான்.

விருப்பமான இரண்டு எண்களை எழுதுங்கள். நான் 3, 5 எடுக்கிறேன். விதி இதுதான்: கடைசியாக எழுதிய எண்ணோடு 1ஐக் கூட்டு, அதற்கு முன்னால் உள்ள எண்ணால் பிரி. 5 உடன் 1ஐக் கூட்ட 6, அதை 3ஆல் பிரிக்க 2. அடுத்தது, 2 உடன் 1ஐக் கூட்ட 3, அதை 5ஆல் பிரிக்க 3/5. அடுத்தது 8/5ஐ 2ஆல் பிரிக்க 4/5. பிறகு 9/5ஐ 3/5ஆல் பிரிக்க 3. பிறகு 4ஐ 4/5ஆல் பிரிக்க 5. தொடங்கின 3, 5 திரும்ப வந்து நிற்குது.

எந்த இரண்டு நேர் எண்களில் தொடங்கினாலும் இப்படித்தான். ஐந்து எண்கள், பிறகு பழையபடி முதலில் இருந்து. நம்பாட்டி வேறு எண் போட்டுப் பாருங்கள். ஆனால் ஆயிரம் தரம் போட்டுப் பார்த்தாலும் அது நிறுவல் ஆகாது. நிறுவ வேண்டுமெண்டால் எண்ணை விட்டு எழுத்துக்குப் போக வேண்டும். முதலாவதை க என்றும் இரண்டாவதை ச என்றும் வைத்து அதே விதியை ஓட்டினால் வரும் ஐந்தும் இவை:

க
ச
(1 + ச) / க
(1 + க + ச) / (க × ச)
(1 + க) / ச

ஆறாவது திரும்பவும் க. ஐந்தாவதைக் கையால் செய்து பாருங்கள். இடையில் (1 + ச) என்ற கோவையால் பிரிக்க வேண்டி வரும். பகுதி சிக்கலாகப் போகுது எண்டு பயப்படுவீர்கள். ஆனால் தொகுதி (1 + க)(1 + ச) எண்டு காரணிப்பட்டு, (1 + ச) வெட்டுப்பட்டுப் போய்விடும். பகுதியில் எப்பவும் க, ச என்ற எழுத்துகள் மட்டும்தான் மிஞ்சும். இதை ஞாபகத்தில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

இந்த ஐந்து எங்கிருந்து வருது? ஒரு ஐங்கோணி வரைந்து உச்சிகளுக்கு அ, ஆ, இ, ஈ, உ எண்டு பெயர் வையுங்கள். அதற்கு மூலைவிட்டங்கள் ஐந்து. இப்ப தொலமியைக் கூப்பிடுவோம். வரலாறு படித்த எல்லாருக்கும் ஆளைத் தெரியும்: இலங்கையைத் தப்ரபேன் எண்டு போட்டு, உள்ள அளவை விடப் பல மடங்கு பெரிதாகப் படம் கீற வழிசெய்த இரண்டாம் நூற்றாண்டு அலெக்சாந்திரியாக்காரர். எங்கட வரலாற்றுப் பாடத்தில் அந்தப் படத்தோடு அவர் முடிந்துபோவார். அதே தொலமி வானியல் நூல் ஒன்றும் எழுதினவர். அதில் வட்ட நாற்பக்கல் பற்றி ஒரு தேற்றம் இருக்கு: இரண்டு மூலைவிட்டங்களின் பெருக்கம், எதிரெதிர்ப் பக்கங்களின் பெருக்கங்களைக் கூட்டி வருவதற்குச் சமன். எங்கட எழுத்தில் சொன்னால்:

அஇ × ஆஈ = அஆ × இஈ + ஆஇ × அஈ

ஐங்கோணியின் பக்கங்களை எல்லாம் 1 எண்டு வைத்தால் இது அஇ × ஆஈ = 1 + அஈ எண்டு சுருங்கும். அஇ என்பது க, அஈ என்பது ச எண்டால், ஆஈ என்பது (1 + ச) / க. நாங்கள் விளையாடின விதி அப்படியே வந்துவிட்டது. (இங்கே மூலைவிட்டங்களை அடிமட்டத்தால் அளந்த நீளமாக எடுக்கக் கூடாது. தேற்றத்தின் சமன்பாட்டை மட்டும் வைத்துக்கொண்டு, நீளத்துக்குப் பதிலாக எழுத்தைப் போடுகிறோம்.)

ஒன்றையொன்று வெட்டாத இரண்டு மூலைவிட்டங்களை எடுத்தால் ஐங்கோணி மூன்று முக்கோணிகளாகப் பிரியும். அப்படிப் பிரிக்க ஐந்து வழி இருக்கு. ஒவ்வொரு வழியிலும் வருகிற சோடி ஒரு கொத்து. ஒரு மூலைவிட்டத்தை எடுத்துவிட்டு மற்றப் பக்கத்து மூலைவிட்டத்தைப் போட்டால் அடுத்த கொத்து. அறுகோணிக்கு இப்படி 14 வழிகள், எழுகோணிக்கு 42. கொத்து எண்டதும் தகரத்தில் இரண்டு கத்தி அடிக்கிற சத்தம் கேட்டால் நான் பொறுப்பில்லை. கணிதத்தில் இதற்குப் பெயர் அதுதான். செர்கேய் போமின், அந்திரேய் செலவின்ஸ்கி என்ற இருவர் 2000களின் தொடக்கத்தில் இதைப் பொதுமைப்படுத்தி 'கொத்து அட்சரகணிதம்' என்ற துறையைத் தொடக்கினார்கள். அவர்களுடைய முதலாவது கட்டுரை 2002இல் வெளிவந்தது. பல்கோணிகள் அதில் மிகச் சின்ன உதாரணம்.

சரி, இப்ப கேள்வி. ஒரே கொத்துக்குள் இருக்கும் எழுத்துகளை மட்டும் பெருக்கி, கூட்டல் இல்லாத ஒற்றை உறுப்புகள் செய்யலாம்: க × ச, க × க × ச என்று முடிவில்லாமல். இவற்றுக்குப் பெயர் கொத்து ஓருறுப்பிகள். எல்லாக் கொத்துகளிலும் இருந்து வருகிற எல்லா ஓருறுப்பிகளையும் ஒரே இடத்தில் குவித்தால், அவற்றுக்கிடையில் ஏதாவது ஒளிந்த உறவு இருக்குமா? ஒன்றை மற்றவற்றின் மடங்குகளைக் கூட்டிக் கழித்துச் செய்துவிட முடியுமா? கடைச் சிட்டையில் பாண் விலை ஒரு வரி, பருப்பு விலை ஒரு வரி, இரண்டும் சேர்ந்த விலை ஒரு வரி எண்டு இருந்தால், மூன்றாவது வரி புதிதாக ஒன்றும் சொல்லவில்லை. அப்படி ஒரு மிகை வரி இந்தக் குவியலில் இருக்கா? இல்லை எண்டால் அவை ஒன்றிலொன்று சாராதவை. தமிழ்நாட்டுப் புத்தகங்கள் இதை நேரியல் சார்பின்மை என்கின்றன.

வெட்டுகிற மூலைவிட்டங்களைப் பெருக்கினால் உறவு உடனே வரும்: அஇ × ஆஈ என்பது 1 + அஈ தானே. ஆகவே அது மிகை. வெட்டாதவற்றுக்குள் அப்படி எதுவும் இல்லை என்பதுதான் சொல்ல வேண்டியது. ஆனால் முடிவில்லாத குவியலில் 'இல்லை' எண்டு எப்படிச் சொல்லுறது? ஒவ்வொன்றாகத் தேடி முடியாது.

உயர்தரத்தில் அளவையியல் படித்தவர்களுக்கு வழி தெரியும்: நேரல்முறைப் பெறுகை. மறுப்பை எடுகோளாக வைத்து முரண்பாட்டுக்குப் போறது. உறவு ஒன்று இருக்கு எண்டே வைப்போம். அதாவது சில ஓருறுப்பிகளை ஏதோ எண்களால் பெருக்கிக் கூட்டினால் பூச்சியம். அதில் ஒன்றைப் பிடியுங்கள். உதாரணமாக க × ச. இப்ப மற்ற எல்லாவற்றையும் இதே க, ச என்ற எழுத்துகளில் விரித்து எழுதுங்கள். மேலே உள்ள பட்டியலைப் பாருங்கள். மூன்றாவது, நாலாவது, ஐந்தாவது மூன்றையும் உறுப்பு உறுப்பாகப் பிரித்தால், ஒவ்வொரு உறுப்பிலும் பகுதியில் க அல்லது ச தொங்கிக்கொண்டு நிற்கும். (1 + க) / ச என்பதை க ஆல் பெருக்கினாலும் பகுதியில் ச போகாது. வேறு கொத்தில் இருந்து வருகிற எந்த ஓருறுப்பிக்கும் இதே கதி. ஆனால் நாங்கள் பிடித்த க × ச இற்குப் பகுதியே இல்லை. பகுதி உள்ள உறுப்புகளை எவ்வளவு கூட்டினாலும் பகுதி இல்லாத க × ச ஐ வெட்ட முடியாது. அதே கொத்தில் இருந்து வருகிற மற்றவையும் வேறு வேறு உறுப்புகள்; அவையும் வெட்டா. ஆகவே க × ச இன் குணகம் பூச்சியம். இதே மாதிரி அடுத்ததைப் பிடி. அதன் கொத்துக்குப் போய் அங்கிருந்து எழுது. அதுவும் பூச்சியம். உறவு எண்டு ஒன்று இல்லை.

ஐங்கோணிக்குக் கையால் சரிபார்க்கலாம். பொதுவாக, எந்தக் கொத்து அட்சரகணிதத்திலும் இந்தச் சார்பின்மை இருக்கும் என்பது போமினும் செலவின்ஸ்கியும் ஊகமாகச் சொன்னது. எழுத்துகள் முடிவில்லாமல் பெருகும் அமைப்புகளில் பட்டியல் போட்டுப் பார்க்க வழியில்லை. செருல்லி இரெல்லி, கெல்லர், லபார்தினி-பிரகோசோ, பிளமொண்டன் என்ற நால்வர் ஒரு பெரிய வகைக்கு இதை நிறுவிய கட்டுரை 2013இல் வெளிவந்தது. பின்னால் இருக்கும் கருவிகள் பெரியவை, எனக்கு எட்டாதவை. ஆனால் கடைசிப் படி நீங்கள் இப்ப வாசித்த அதே பகுதிக் கதைதான்.

இது எங்கட மொழிக்காரருக்குத் தூரத்துக் கதை எண்டும் நினைக்க வேண்டாம். கொத்து என்ற பெயர் வர முதலே இதே கேள்வியோடு பல வருடம் இருந்தவர் காஞ்சிபுரத்தில் 1932இல் பிறந்த சி. எஸ். சேஷாத்திரி. தொலமியின் சமன்பாட்டில் மூன்று பெருக்கங்கள் இருக்கு, ஒன்று மிகை. எதை விலத்துறது? கொத்துக்காரர் வெட்டுகிற சோடியை, அஇ × ஆஈ ஐ, விலத்தினார்கள். 1940களில் ஹொட்ஜ் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் அஈ × ஆஇ ஐ விலத்தினார். எழுத்துகளை ஒரு அட்டவணையில் ஏறுவரிசையில் அடுக்க முடிகிற பெருக்கங்களை மட்டும் வைத்துக்கொண்டு, அவை ஒன்றிலொன்று சாராதவை என்றும், மற்ற எல்லாவற்றையும் அவற்றால் எழுதலாம் என்றும் காட்டினார். சேஷாத்திரியும் வி. லக்ஷ்மிபாயும் சி. முசிலியும் 1970களில் இருந்து அதைப் பல மடங்கு பெரிய பரப்புகளுக்குக் கொண்டுபோனார்கள். நியம ஓருறுப்பிக் கோட்பாடு எண்டு தமிழில் சொல்லலாம். பிறகு லக்ஷ்மிபாய் அமெரிக்காவின் பொஸ்டனில் நோர்த்ஈஸ்ரேர்ன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். செலவின்ஸ்கியும் அதே பல்கலைக்கழகத்தில்தான் இருந்தார். சேஷாத்திரி 1989இல் சென்னையில் தொடக்கிய நிறுவனம்தான் இன்றைய சென்னைக் கணித நிறுவனம். அவர் கர்நாடக சங்கீதமும் முறையாகப் பாடினவர். 2020இல் காலமானார். எங்களில் எத்தனை பேர் அவருடைய பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறோம்?

இதையெல்லாம் இங்க ஏன் எழுதுறன்? 'சார்பின்மை' என்ற சொல்லை இழுத்து அரசியல் உவமை ஒன்று செய்யப் போறன் எண்டு யாரும் எதிர்பார்த்திருந்தால், இல்லை. க × ச இற்கு இன விடுதலை எல்லாம் இல்லை. என்னுடைய கருத்து இதைவிடச் சின்னது: மேலே நீங்கள் வாசித்த நிறுவலில் கணிதப் பிரிவுக்கு மட்டும் உரிய ஒரு படிகூட இல்லை. பின்னம், எழுத்து, ஒரு நேரல்முறை. இது வாதம். வாதத்தைப் படி படியாகப் பிரித்து வாசிப்பது கலைப்பீடத்தின் வேலை. அப்படியிருக்க, இந்த வகைக் கணிதம் எங்கட கண்ணில் படாமலே போறது ஏன்?

வன்னியில் இதற்குப் பதில் பதினாறு வயதிலேயே எழுதப்பட்டுவிடும். பாடசாலைகளை 1ஏபி, 1சி, வகை 2, வகை 3 எண்டு பிரித்திருக்கிறார்கள். உயர்தரத்தில் கணித, விஞ்ஞானப் பிரிவுகள் இருப்பது 1ஏபியில்தான். 1சியில் கலையும் வர்த்தகமும். நான் படித்த பள்ளிக்கூடத்தில் கணிதப் பிரிவு இருக்கேல்ல. கணிதம் வேணுமெண்டால் தூரத்துப் பள்ளிக்கூடம், காலை பஸ், பின்னேரம் ரியூசன், அதற்குக் காசு. பொம்பிளைப் பிள்ளை எண்டால் இருட்டினாப் பிறகு எப்படி வாறது என்ற கேள்வியும் சேரும். எங்கட வகுப்பில் கணிதம் நல்லாச் செய்த ஆக்களும் கலைப் பிரிவுக்கே போனார்கள். அது தெரிவு இல்லை. இருந்த ஒரே வாசல். பின்தங்கிய மாவட்டங்களுக்கெண்டு பல்கலைக்கழக அனுமதியில் ஒதுக்கீடு இருக்குத்தான்; கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மூன்றும் அந்தப் பட்டியலில் இருக்கு. ஆனால் இணைந்த கணிதப் பரீட்சையே எழுதாத பிள்ளைக்குப் பொறியியல் ஒதுக்கீட்டால் என்ன பயன்?

இதில் ஒரு பகிடியும் இருக்கு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் கிளிநொச்சி அறிவியல்நகரில், எங்கட ஊருக்குப் பக்கத்தில். கலைப்பீடம் திருநெல்வேலியில். கிளிநொச்சிப் பிள்ளை கலை படிக்க ஏ9 வீதியால் வடக்க போக, வேறு மாவட்டத்துப் பிள்ளைகள் பொறியியல் படிக்கக் கிளிநொச்சிக்கு வருகிறார்கள். நாங்கள் அந்தக் கட்டடங்களைப் பஸ் யன்னலால் பார்க்கிறோம்.

செலவின்ஸ்கியின் கதைக்குத் திரும்ப வாறன், ஏனெண்டால் இந்தத் துறையைத் தொடக்கினவருக்கே மூடின வாசல்களோடு சம்பந்தம் இருந்தது. 1970களில் மொஸ்கோ அரச பல்கலைக்கழகத்தின் கணித பீடத்தில் யூதப் பிள்ளைகளுக்கு வாய்மொழிப் பரீட்சையில் தனியாகக் கடுமையான கணக்குகள் கொடுத்து வெளியே அனுப்பினார்கள். அப்படி அனுப்பப்பட்டவர்களுக்காக பெல்லா சுப்பொதோவ்ஸ்கயா என்ற கணிதவியலாளர் 1978இல் தன் வீட்டிலேயே வகுப்புத் தொடக்கினார். பிறகு அதை மக்கள் பல்கலைக்கழகம் எண்டு சொன்னார்கள். சான்றிதழ் இல்லை, சம்பளம் இல்லை. நல்ல கணிதவியலாளர்கள் வந்து படிப்பித்தார்கள். இளைஞராக இருந்த செலவின்ஸ்கியும் அதில் ஒருவர். 1982இல் இரகசியப் பொலிஸ் அந்த வட்டத்தில் ஆக்களைப் பிடித்தது. அதே வருடம் செப்ரெம்பரில் ஒரு இரவு சுப்பொதோவ்ஸ்கயா வீதியில் வாகனம் மோதி இறந்தார். அடுத்த வருடத்தோடு வகுப்புகளும் நின்றன. அதற்குள் சில நூறு பேர் படித்து வெளியேறியிருந்தார்கள்.

எங்கட நிலைமை அது இல்லை. அங்க கதவை வேண்டுமெண்டே பூட்டினார்கள். இங்க பல பள்ளிக்கூடங்களில் கதவே வைக்கேல்ல. ஆனால் அந்த வீட்டு வகுப்பில் இருந்து எடுக்கக்கூடிய ஒன்று இருக்கு: தூய கணிதத்துக்கு ஆய்வுகூடம் தேவையில்லை. வன்னிக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 2009 ஓகஸ்டில் முகாம் கம்பிக்குள் இருந்து உயர்தரப் பரீட்சை எழுதினவர்கள் எங்கட அண்ணாமார், அக்காமார்.

மறுத்துச் சொல்லக்கூடியது எனக்கும் தெரியும். முதலாவது: "சாதாரண தரக் கணிதமே பாஸ் இல்லாமல் எத்தனை பிள்ளைகள் நிற்குது, நீ ஐங்கோணி கதைக்கிறாய்." சரியான கேள்வி. ஆனால் அந்தப் பிள்ளைகள் பத்து வருடமாகக் கண்ட கணிதம், வழியைப் பாடமாக்கி விடையைப் பிடிக்கிற கணிதம். ஏன் எண்டு கேட்க இடமே இல்லாத பாடத்தில் ஆர்வம் எப்படி வரும்? 3, 5 திரும்ப வருவதைப் பார்த்து "ஏன்?" எண்டு கேட்கிற பிள்ளைக்குப் பின்னக் கணக்குச் செய்ய ஒரு காரணமாவது கிடைக்கும்.

இரண்டாவது: "இதால என்ன வேலை கிடைக்கும்?" ஒன்றும் கிடைக்காது. கலைப்பீடத்தில் நாங்கள் படிக்கிற பாதிக்கும் இதே கேள்வியைத்தான் ஊர் கேட்குது. அதற்கு நாங்கள் சொல்லுற பதிலையே இதற்கும் சொல்லலாம். கணிதம் எண்டால் எஞ்சினியர், கலை எண்டால் மிச்சம் என்ற கணக்கை ஊர் வைத்திருக்கு. அந்தக் கணக்கை நாங்களும் ஏற்றுக்கொண்டு, "எனக்கு மட்ஸ் சரிவராது" எண்டு பெருமையாகச் சொல்லித் திரிகிறோம். எனக்கு உண்மையில் கோவம் வருவது இதில்தான். பிரிவு இல்லாத பள்ளிக்கூடம் எங்களிடம் இருந்து ஒரு பாடத்தை எடுத்தது. மிச்சத்தை நாங்களே கொடுத்துவிட்டோம்.

ஆகவே மூன்று விசயம் கேட்கிறேன். ஒன்று, கல்வித் திணைக்களத்திடம்: புதுக் கட்டடம் திறக்க முதல், உயர்தரக் கணித ஆசிரியர் ஒருவரைக் கிழமையில் இரண்டு நாளாவது பக்கத்துப் பக்கத்து 1சி பள்ளிக்கூடங்களுக்குப் பகிர்ந்து அனுப்புங்கள். இரண்டு, கலைப்பீடத்திடம்: அளவையியல் பாடத்தில் குறியீட்டு வாதங்களோடு நிற்காமல், உண்மையான கணித நிறுவல்கள் இரண்டு மூன்றை வரி வரியாக வாசிக்க வையுங்கள். மூன்று, எங்களிடம். அறிவியல்நகரிலும் வவுனியாப் பல்கலைக்கழகத்திலும் கணிதம் படிக்கிற நண்பர்கள் இருக்கிறார்கள். சனிக்கிழமை பின்னேரம் ஒரு வாசிகசாலை மேசை போதும். அவர்கள் ஒரு நிறுவலைக் கொண்டுவரட்டும். நாங்கள் தமிழைக் கொண்டுபோவோம். அட்சரகணிதம் என்போமா, இயற்கணிதம் என்போமா எண்டு சண்டை பிடிப்பதும் படிப்புத்தான்.

முதல் சனிக்கிழமைக்குக் கணக்கும் தயார்: அறுகோணி. மூலைவிட்டங்கள் ஒன்பது, கொத்துகள் பதினாலு, ஒவ்வொரு கொத்திலும் மூன்று எழுத்து. ஒரு கொத்தில் தொடங்கி மற்ற ஆறு மூலைவிட்டங்களையும் அந்த மூன்று எழுத்தில் எழுதுங்கள். ஒவ்வொரு உறுப்பிலும் பகுதி நிற்குதா எண்டு பாருங்கள். கொப்பியில் நாலு பக்கம் போகும். பெரிய மேசையாகப் பிடியுங்கோ.